ஒரு சைஸ் பெரிய ஷூ

ஞாயிறு நடைக்குப் புதிதாக ஆறு பேர் வருகிறார்கள், காலில் கொப்புளம் வராமலிருக்க நாலு வரி எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். உட்கார்ந்தேன். முதல் வரி சுலபமாக வந்தது: புது ஷூ போட்டுக்கொண்டு வராதீர்கள். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

நம் குழுவில் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். முட்டிவலித் தைலத்தைக் கைமாற்றிக்கொள்கிறவர்கள். புறப்படும் முன் நான் ஒவ்வொருவர் குதிகாலையும் பார்ப்பது, சாக்ஸின் மடிப்பை நீவிவிடுவது எல்லாம் உங்களுக்கு வேடிக்கை. போன தடவை ஒருத்தி, "உனக்கு இத்தனை வருஷத்துல ஒரு கொப்புளம்கூட வந்ததில்லையாமே, என்ன ரகசியம்?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன். ரகசியம் ஒன்றும் இல்லை. என் பங்குக் கொப்புளத்தையும் சேர்த்து என் அக்கா வாங்கிக்கொண்டாள். நாலு வரிக்குப் பதிலாக அதைத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஜோகுபாளையத்தில் இருந்தோம். அப்பா சர்க்கார் உத்தியோகம். அவருடைய அப்பாவும் மைசூர் சமஸ்தானம் என்று இருந்த காலத்திலேயே சர்க்கார் உத்தியோகம். சம்பளத்தை விட மரியாதைதான் பெரிதாக வந்த வேலை. எங்கள் வீட்டில் எதைச் செய்வதானாலும் "நாலு பேர் பாப்பாங்க" என்ற ஒரு வாக்கியத்தைத் தாண்டித்தான் செய்ய வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. பிள்ளைகளுக்கு எது வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. பாவாடைக்கு உள்மடிப்பு மூன்று. ஸ்வெட்டரின் கை விரலைத் தாண்டித் தொங்கும். "வளர்ற புள்ளைங்க" என்பார் அம்மா. எங்கள் வீட்டில் யாரும் அந்தந்த வருஷத்து அளவில் வாழ்ந்ததே இல்லை. எப்போதும் அடுத்த வருஷத்துக்குள் தொளதொளவென்று நின்றுகொண்டிருந்தோம்.

நான் ஏழாம் வகுப்பு, அக்கா ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் மலையேறும் பெண்கள் குழு ஒன்று இருந்தது. பி.டி. மிஸ்தான் அதற்குப் பொறுப்பு. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். கோபம் வந்தால் முழுக்கக் கன்னடம். அந்த வருஷம் பல பள்ளிகளிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பதினைந்து நாள் இமயமலை முகாமுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அறிவித்தார். எங்கள் பள்ளிக்கு ஒரே ஓர் இடம். சாவனதுர்கா மலைக்கு ஒரு சனிக்கிழமை எல்லோரையும் அழைத்துப்போய் நடக்கவிட்டுப் பார்ப்பார்களாம். அன்றைக்கே முடிவு.

அது அக்காவுக்குத்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அவசரப்படுகிற மாதிரியே இருக்காது; தரைதான் அவளுக்குக் கீழே பின்னால் போய்க்கொண்டிருக்கும். விடிந்தும் விடியாமல் இருவரும் அல்சூர் ஏரியைச் சுற்றப் போவோம். பாசி வாடை, ஈர மண் வாடை, ராணுவ முகாம் பக்கமிருந்து வரும் விசில். நான் ஒரு சுற்று முடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்காருவேன். அவள் இரண்டாவது சுற்றிலிருந்து வரும்போது மூச்சுகூட மாறியிருக்காது. அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய ஒரு பனிமலைப் படத்தை ஒட்டிவைத்திருந்தாள். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் கையை வைத்து, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று எண்ணுவாள். "நாப்பது வரைக்கும் பரவால்லடி, அதுக்கு மேல எண்ணிக்கை மறந்துபோகுது" என்பாள்.

அவள் நடந்ததெல்லாம் ஒரு வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில். வெள்ளை என்பது வாங்கிய நாளில் இருந்த நிறம். அதுவும் ஒரு சைஸ் பெரிதாக வாங்கியதுதான். இரண்டு வருஷத்தில் அவள் கால் அதை எட்டிப் பிடித்துவிட்டது. இடது சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு கிழிசல், லேஸ் கோர்க்கும் ஓட்டைகளில் இரண்டாவது பிய்ந்திருக்கும். கழற்றி வைத்தாலும் உள்ளே கால் இருக்கிற மாதிரியே நிற்கும். வெயிலில் காய்ந்த கேன்வாஸுக்கு ஒரு வாசனை உண்டே, அடுப்பிலிருந்து இறக்கிய சோளப்பொரி மாதிரி, அந்த வாசனை.

நான் என்ன செய்தேன் என்றால், படித்தேன். நடப்பதைவிட எனக்குப் படிப்பதும் சொல்வதும் பிடிக்கும். அல்சூர் கடைத்தெருவில் வாடகைக்குப் புத்தகம் தரும் கடையில், அட்டை கிழிந்த ஒரு நடைப்பயணப் புத்தகம் கிடைத்தது. அதில் கால்களுக்கென்றே ஒரு அத்தியாயம். அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, படம்கூட வரைந்தேன். ஒன்று: ஷூவை ஒரு மாதமாவது போட்டுப் பழக்காமல் மலைக்குப் போகாதே. இரண்டு: பருத்தி சாக்ஸ் ஒன்று, அதன் மேல் தடித்த சாக்ஸ் ஒன்று, உரசல் இரண்டு சாக்ஸுக்கு நடுவில் நடக்கட்டும், தோலில் வேண்டாம். மூன்று: உள் சாக்ஸின் குதிகாலில் காய்ந்த சோப்பைத் தேய். நான்கு: கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சுடும், சுட்டவுடன் நின்று, கழற்றி, பிளாஸ்திரி ஒட்டு, சூட்டைப் பொறுத்துக்கொண்டு நடப்பவன் முட்டாள். இந்த நாலாவதைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

குழுவில் மதிய இடைவேளையில் இதைப் பிரசங்கம் செய்வேன். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிக் காட்டி, சோப்பு தேய்த்துக் காட்டி. பெரிய பெண்கள் எனக்குக் "கொப்புள டாக்டர்" என்று பெயர் வைத்தார்கள். "டாக்டர், என் மூக்குல ஒண்ணு வந்திருக்கு, பிளாஸ்திரி போடுவீங்களா?" அக்கா மட்டும் நான் சொன்னதையெல்லாம் செய்வாள். படுக்கும் முன் காலை நீட்டி, "பாருடா டாக்டர்" என்பாள். அவள் குதிகால் உருண்டையாக, வழவழவென்று, மரச்செப்பு மாதிரி இருக்கும்.

சாவனதுர்காவுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை. நாங்கள் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா சீக்கிரமே வந்திருந்தார். அதுவே அதிசயம். நாற்காலியில் ஒரு அட்டைப்பெட்டி. அப்பா முகத்தில், சொல்லக் காத்திருக்கும் ஒரு சிரிப்பு.

"தொறந்து பாரு," என்றார் அக்காவிடம்.

கமர்ஷியல் தெருவில் வாங்கியது. பழுப்புத் தோல், கணுக்காலுக்கு மேல் ஏறும் உயரம், அடியில் டயர் மாதிரிப் பல். வெளிநாட்டு நாள்காட்டியில்தான் நான் அப்படி ஒரு ஷூவைப் பார்த்திருந்தேன். உள்ளேயிருந்து புதுத் தோல், பசை, சுருட்டி வைத்த தாள் எல்லாம் சேர்ந்த வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அக்கா அதைக் கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தாள். ஆறு என்று அச்சிட்டிருந்தது. அவளுக்கு ஐந்து.

"ஒரு சைஸ் பெரிசா வாங்கினேன். வளர்ற கால். முன்னாடி பஞ்சு வெச்சுக்கிட்டா கச்சிதமா இருக்கும்," என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "அவளுக்கு அப்புறம் உனக்குத்தான். கண்ணு வெக்காதே."

அக்கா, "ரொம்ப நல்லாருக்குப்பா," என்றாள். கொஞ்சம் தயங்கி, "ஊருக்குப் போறப்ப போட்டுக்கறேன். சனிக்கிழமை மட்டும் பழசையே போட்டுக்கறேன்," என்றாள்.

"அந்தக் கந்தலையா? வெளியூரு மாஸ்டருங்கல்லாம் வர்றாங்க. நாலு பேர் பாக்கற எடத்துல ஒரு சூப்பிரண்டெண்ட் பொண்ணு விரல் வெளிய தெரியற ஷூவோட நிப்பாளா?"

அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து, "அது இல்ல இப்போ. காலைல பாத்திரம் தேய்க்க வந்தவகிட்டக் குடுத்துட்டேன். அவ பொண்ணு ஸ்கூல்ல வெள்ளை ஷூ கேக்கறாங்களாம்," என்றார். நல்ல செய்தி சொல்லும் குரலில்.

அக்கா வாசலில் ஷூ வைக்கும் மூலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே தரையில் இரண்டு பாதம் அளவுக்குத் தூசி இல்லாமல் இருந்தது.

நான்தான் குதித்தேன். "புது ஷூ போடக் கூடாதும்மா, புக்ல போட்டிருக்கு. கால் கடிக்கும்." அம்மா சிரித்தார். "தேங்காண்ணெ தடவி வெக்கறேன், கடிக்காது." "போய் ஒரு நாளைக்கு மட்டும் திருப்பி வாங்கிட்டு வரட்டுமா?" அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கற வழக்கம் நம்ம வீட்ல கெடையாது. அவ நாளைக்கு நாலு வீட்ல சொல்லுவா." பள்ளிக்குப் போடும் கறுப்பு ஷூவின் அடி தேய்ந்து வழுக்கும், பாறையில் அதைப் போட மிஸ் விடமாட்டார். அப்படியாக எல்லா வழியும் அடைபட்டது.

ஆனாலும் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது நான் அக்காவை இழுத்துக்கொண்டு, பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் வீடு இருந்த சந்துக்குப் போனேன். வாய்க்காலை ஒட்டி, தகரக் கூரை வீடுகள். வாசலில் அந்த அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் குட்டைச் சுவரில் ஷூ இரண்டும் சாய்த்து வைத்திருந்தது. முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. தோய்த்து, சாக்பீஸைக் குழைத்துப் பூசி, வெயிலில் காயவைத்துச் சுண்ணாம்பு வெள்ளையாக ஆக்கியிருந்தார்கள். சுண்டுவிரல் கிழிசலை வெள்ளை நூலால் தைத்திருந்தது. எங்கள் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து பழைய பேப்பரை உருட்டி முனையில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது பெரிதுதான்.

"இன்னா பாப்பா, ரெண்டு பேரும் இந்தப் பக்கம்? அம்மா வரச் சொன்னாங்களா?" என்றார் அந்த அம்மா.

நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். கேளு, கேளு.

"இல்ல, சும்மா," என்றாள் அக்கா.

"நாளைக்கு எனக்கு ஸ்கூல்ல மார்ச் பாஸ்ட்," என்றாள் அந்தப் பெண், அக்காவை நிமிர்ந்து பார்த்து. "ஷூ இல்லன்னா நிக்கக் கூடாதுன்னுட்டாங்க. போன வருஷம் நிக்கல."

அக்கா சுவரருகே போய் இடது ஷூவை எடுத்தாள். கேட்டுவிடப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் அதைக் கையில் வைத்து லேஸைத் தொட்டுப் பார்த்தாள். "ரெண்டாவது ஓட்டை பிஞ்சிருக்கும். அதை விட்டுட்டு மூணாவதுல கோத்துக்கோ. ரொம்ப இறுக்காதே," என்றாள். வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவள் விரலில் சாக்பீஸ் மாவு. வழியெல்லாம் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"நீ லூசு," என்றேன் நான்.

"ஆமா," என்றாள்.

சனிக்கிழமை விடியற்காலை. அம்மா பஞ்சை உருட்டி ஷூவின் முனையில் அடைத்தார். குதிகால் பக்கம் தேங்காயெண்ணெய். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை விட்டாள். அப்போது அப்பா, ஆபீஸ் கோப்பைத் தவிர வேறெதற்கும் குனியாத அப்பா, தரையில் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்தார். அவள் காலைத் தன் தொடையில் தூக்கி வைத்துக்கொண்டார். லேஸை ஒவ்வொரு கொக்கியிலும் மாட்டி, இழுத்து, இரண்டு முடிச்சுப் போட்டார். அக்காவுக்குக் கூச்சத்தில் அழுகையே வந்துவிட்டது. பெண்ணின் காலை அப்பா தொடுவதெல்லாம் எங்கள் வீட்டில் நடக்காத விஷயம். "போய்ட்டு வா. உன் பேரைத்தான் எழுதணும் அவங்க," என்றார்.

நோட்டு என் கையிலேயே இருந்தது. நான் அதைப் பிரிக்கவில்லை. அந்த நேரத்தில் யார் பிரிப்பார்கள் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அதை மட்டும் என்னால் மன்னித்துக்கொள்ள முடிகிறது.

சாவனதுர்காவுக்கு ஒரு வேனில் போனோம். முதலில் காட்டுப்பாதையில் சுற்றி நடை, பிறகு மலை, பிறகு இறங்கி மறுபடி காட்டுப்பாதை. மொத்தம் இருபது கிலோமீட்டர் என்றார்கள். தேர்வு செய்ய வந்த மாஸ்டர் ஒருவர், தொப்பி, விசில், அட்டையில் செருகிய தாள். உட்கார்ந்தால் பெயர் அடிக்கப்படும். ஒன்பதாம் வகுப்பு முன்னால், நாங்கள் சின்னவர்கள் பின்னால்.

எனக்கு அக்காவின் முதுகுதான் தெரிந்தது. முதல் அரைமணி நேரம் எப்போதும்போல நடந்தாள். பிறகு ஒரு சத்தம் கேட்டது. ஷூவுக்குள் குதிகால் எழும்பி இறங்கும் சத்தம், பாத்திரத்துக்குள் எலுமிச்சம்பழம் உருள்வது மாதிரி, தொப், தொப். என் காலில் பழைய ஷூ, இரண்டு சாக்ஸ், சோப்பு. எனக்கு ஒன்றுமே இல்லை. ஓடிப்போய் அவள் பக்கத்தில் நடந்தேன்.

"சுடுதா?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச தூரம். "இப்போ?"

"ம்."

நான் மிஸ்ஸிடம் போனேன். "மிஸ், அக்காவுக்குக் குதிகால் சுடுதாம். ரெண்டே நிமிஷம் மிஸ், கழட்டி பிளாஸ்திரி ஒட்டிடறேன்."

மிஸ் சிரித்தார். "ஓ, கொப்புள டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாச்சா? இது ஆஸ்பத்திரி இல்ல. ஷூ பிச்ச பேடா. கழட்டினா கால் வீங்கிடும், மறுபடி உள்ள போகாது. சும்னே நடீ, நடீ." கழற்றாதே, பேசாமல் நட என்பதைத் தமிழிலும் ஒருமுறை சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்து, "வலிய நெனச்சாதான் வலி. நெனைக்காதே," என்றார். அந்தக் காலத்தில் எல்லாப் பெரியவர்களும் இதைச் சொன்னார்கள். நடக்கும்போது தண்ணீர் குடிக்காதே என்பதையும் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் யாரோ சொன்னது.

மலை ஏறும்போது அவள் குதிகால் பட்டும் படாமலும் முன்னங்காலால் ஏறினாள். பாறை சுட்டது. உச்சியில் நந்தி சிலை இருக்கும் மண்டபத்தில் எல்லோரும் நிற்க, அக்கா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, வடக்கே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மஞ்சள் புழுதி தவிர ஒன்றும் இல்லை. அவள் முகத்தில் வியர்வை மாவு மாதிரிப் படிந்திருந்தது. இதுவரைக்கும் அவள்தான் முதல்.

இறங்கும்போது பெரிய ஷூவில் கால் முன்னால் சறுக்கும். விரல்கள் போய் முனையில் இடிக்கும். உங்களுக்குத் தெரியும். பஞ்சு நசுங்கித் தட்டையாகிவிட்டது. காட்டுப்பாதைக்கு வந்ததும் அவள் வரிசையை விட்டு விலகி, உட்காராமல், மரத்தில் சாய்ந்து நின்றபடி இரண்டு ஷூவையும் கழற்றினாள். லேஸ்களை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள். சாக்ஸோடு நடக்க ஆரம்பித்தாள். பத்து எட்டுக்குள் அவளுடைய பழைய நடை திரும்பி வந்துவிட்டது. அவளை முந்திப்போயிருந்த எல்லோரையும் தாண்டிப் போனாள். மண்ணில் அவள் சாக்ஸின் தடம், குதிகால் இடத்தில் கறுப்பாக ஈரம். நான் அதன் மேல் மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன்.

வேன் நின்ற இடத்துக்கு அவள்தான் முதலில் வந்தாள். மாஸ்டர் அவள் காலைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய ஷூவைப் பார்த்தார். "இவ்வளவு நல்ல ஷூவைக் கழுத்துல போட்டுட்டு வர்றா. சொன்ன பேச்சு கேக்காதவளைப் பனியில எப்படி அனுப்பறது," என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுத் தாளில் ஒரு கோடு போட்டார். ஒரு பேனாக் கோடு, இவ்வளவுதான் நீளம். மிஸ் ஒரு நிமிஷம் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இரண்டாவதாக வந்தவளின் பெயரை எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அக்காவின் கழுத்தைப் பார்த்தார்.

"ஷூ ஏன் கழுத்துல இருக்கு?"

அக்கா உள்ளே போய்ப் பின்கட்டு வாசலில் உட்கார்ந்தாள். அம்மா பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரும் உப்பும் கலந்து கொண்டுவந்து வைத்தார். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீரில் ஊறவைத்துத்தான் உரிக்க முடிந்தது. தண்ணீர் ரோஜாப்பூ சர்பத் மாதிரி ஆனது.

அப்பா புது ஷூவைக் கையில் எடுத்து, மண்ணைத் தட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் எங்கும் விட்டிருக்கவில்லை. அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. கடையில் தேடித் தேடி வாங்கிய மனுஷனுக்கு, தான் எங்கே தவறினோம் என்று புரியவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினார். என்னால் அதை இப்போதுதான் சொல்ல முடிகிறது.

என்னைக் கூப்பிட்டார். "நீயும்தானே நடந்தே? காலைக் காட்டு."

ஷூவையும் இரண்டு சாக்ஸையும் கழற்றிக் காட்டினேன். இரண்டு காலும் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"அதே மலை. அதே தூரம். உனக்கு மட்டும் எப்படி ஒண்ணும் ஆகல?"

நான் மாதக்கணக்கில் காத்திருந்த கேள்வி அது. மதிய இடைவேளையில் யாரும் கேட்காமலே பதில் சொல்லித் திரிந்த கேள்வி. என் வீட்டில், என் அப்பா, என்னிடம் கேட்கிறார். பழைய ஷூப்பா, இரண்டு சாக்ஸ்ப்பா, சோப்புப்பா, அக்காவோட ஷூ பெரிசுப்பா. எல்லாம் நாக்கு நுனியில். ஆனால் அவர் என் காலைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கடையில் நல்ல சரக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை அந்த வீட்டில் நடக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். நான் படிக்கிறவள், பேசுகிறவள்.

"நான் நல்லா நடப்பேன்ப்பா," என்றேன்.

அப்பா சிரித்தார். என் பாதத்தை ஒரு தட்டுத் தட்டினார். "அதானே பாத்தேன். ஷூ மேல தப்பில்ல. பெரியவளுக்கு நடக்க வரல," என்றார் அம்மாவிடம். அந்தக் குரலில் எவ்வளவு நிம்மதி.

திங்கட்கிழமை பாத்திரம் தேய்க்க வந்த அம்மா, "பெரிய பாப்பா ஷூ ராசியான ஷூம்மா. என் பொண்ணை முன்வரிசைல நிக்க வெச்சாங்க," என்று சொன்னார். எங்கள் அம்மா உள்ளே திரும்பி, "பாத்தியா, குடுத்தது நல்ல எடத்துக்குத்தான் போயிருக்கு," என்றார். அக்கா காலில் துணி சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு கொப்புளம் சீழ் வைத்துவிட்டது. பதினைந்து நாள் செருப்போடு பள்ளிக்குப் போனாள். முகாமுக்குப் பிள்ளைகள் ரயிலேறிய அன்றும் செருப்புத்தான். அலமாரிக் கதவில் பனிமலை இருந்த இடத்தில் நாலு பசைப் புள்ளி மட்டும் இருந்தது.

புது ஷூவைத் தாளில் சுற்றி, பாச்சா உருண்டை போட்டுப் பரணில் வைத்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பு போனபோது என் கால் ஆறாகிவிட்டிருந்தது. அந்த வருஷம் தேர்வு நடையெல்லாம் இல்லை. மிஸ் என் பெயரை எழுதினார், முகாமுக்கு நான் போனேன். பரணிலிருந்து இறக்கி ஒரு மாதம் அல்சூர் ஏரியைச் சுற்றிப் பழக்கினேன். நோட்டில் எழுதியிருந்தபடி. உள்ளே குதிகால் இடத்தில் எட்டணா அளவுக்கு ஒரு பழுப்புக் கறை, இரண்டு பக்கமும். புறப்படுகிற அன்று காலையில் என் உள் சாக்ஸை அக்காதான் திருப்பிப் போட்டுச் சோப்பு தேய்த்துத் தந்தாள். பனியைத் தொட்டேன், நாற்பது வரை எண்ணினேன். ஒரு கொப்புளம் வரவில்லை. பனியில் அந்த ஷூவோடு நான் நிற்கும் போட்டோவை அப்பா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "சின்னவளுக்குக் கால் இரும்பு. பெரியவளுக்கு நடக்க வராது." கேலியாகச் சொல்லவில்லை, ஒருத்திக்குச் சுருள் முடி, ஒருத்திக்கு நீள முடி என்கிற மாதிரிச் சொல்வார். கல்லூரியில் அக்கா செடிகொடிகளைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டாள். காடு மேடெல்லாம் அலையணும், உனக்கு ஒத்துவராது என்று பக்கத்திலேயே பி.காம். சேர்த்தார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, வீட்டோடு இருக்கிற பெண் என்று பெருமையாகச் சொன்னார்கள். அவளும் ஆட்டோ இல்லாமல் தெருமுனைக்குப் போவதில்லை என்று ஆனது. அப்பா போய்ச் சேரும்வரை அந்த வாக்கியம் அப்படியே இருந்தது. வீடு மாறினபோது ஷூ எங்கே போனதோ. போட்டோ இருக்கிறது.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ராமமூர்த்தி நகர். அவரைக்காய்க் காலம், ஊறவைத்த கொட்டைகளை மடியருகே வைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து. பருப்பு ஒரு கிண்ணத்தில், தோல் இன்னொன்றில்.

"ஞாயித்துக்கிழமை எங்க கூட வாயேன்," என்றேன். "மலை இல்ல. ஏரிக்கரைதான், ஆறு கிலோமீட்டர்."

"எனக்கு நடக்க வராதுடி."

"அப்பா சொல்லிச் சொல்லி நீ அப்படியே..."

"அப்பா கேட்டாரு," என்றாள் தலை நிமிராமல். "சொன்னது நீ."

அடுத்த கொட்டையை எடுத்துப் பிதுக்கினாள்.

"உனக்கு அது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"உப்புத் தண்ணிலே கால்தானே இருந்துச்சு. காது இல்லையே." இன்னும் நாலு பருப்பு. "நீ நோட்டை எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டுவேன்னு நெனச்சேன். அப்பா அன்னிக்குக் கேட்டிருப்பாரு. ரொம்ப நேரம் பாத்துட்டு உக்காந்திருந்தேன், தண்ணி ஆறிப்போற வரைக்கும்." பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "சும்மாதானே இருக்கே, நீயும் பிதுக்கு," என்றாள்.

நாலு வரி கேட்டீர்கள். நாலும் அந்த நோட்டில் இருந்தன, நாலாவது சிவப்பு மையில். நோட்டு அன்றைக்கு அடுத்த அறையில், கொடியில் தொங்கிய என் பைக்குள் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பத்து எட்டு இருக்கும்.